சிப் தரும் கம்பெனியா, சிக்கல் தரும் கம்பெனியா? நெட்வொர்க் பிராசஸர் ஆராய்ச்சிக்கு மூன்று வழிகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் "இண்டஸ்ட்ரியோடு சேர்ந்து ஏதாவது ஆராய்ச்சி பண்ணுங்க" என்ற பேச்சு எழாத ஆண்டே கிடையாது. நெட்வொர்க்கிங் பாடம் எடுப்பவர்களிடம் இந்தப் பேச்சு வந்தால் கடைசியில் மூன்று வழிகள் மேசைக்கு வரும். நெட்வொர்க் பிராசஸர், அதாவது இணைய டிராஃபிக்கை வேகமாகக் கடத்துவதற்கென்றே செய்த சிப், அதைச் செய்கிற கம்பெனியிடம் போர்டு கேட்டு வாங்குவது ஒன்று. எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப், அந்தப் போர்டு வாங்கி நாமே உள்ளே கட்டுவது இன்னொன்று. சாதாரண சர்வரில் மென்பொருளாகவே எழுதிவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எனக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை மறைத்து நடுநிலை வேஷம் போடப் போவதில்லை.

முதலில் ஒரு கணக்கு, இது புரிந்தால்தான் மற்றதில் சண்டை போட முடியும். நெட்வொர்க்கில் தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகளாகவே வந்து குவிந்தால் நொடிக்குச் சுமார் 1.488 கோடி பாக்கெட் வரும், அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் ஒன்றுக்கு அது சுமார் 200 சைக்கிள். பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்ற முகவரி அட்டவணையைப் பார்க்க டிராம் என்ற முதன்மை நினைவகத்தை ஒருமுறை தொட்டு வந்தாலே அந்த நேரம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். நெட்வொர்க் பிராசஸர் என்ற தனி வகைச் சிப் பிறந்ததே இதற்காகத்தான். கேரள எல்லையான களியக்காவிளையில் பழைய செக்போஸ்ட் இருந்த காலத்தில் ஒரு லாரியின் பேப்பர் உள்ளே போய் சீல் ஆகி வருவதற்குள் அடுத்த லாரியைப் பார்க்க ஆரம்பிப்பார்களே, அதேபோல் நினைவகத்துக்குப் போன ஒரு த்ரெட் (ஒரு வேலை ஓட்டம்) திரும்பி வரும்வரை இன்னொரு த்ரெட் அடுத்த பாக்கெட்டை எடுத்துக்கொள்ளும். இன்டெல் 1999இல் அறிவித்த ஐஎக்ஸ்பி1200 என்ற நெட்வொர்க் பிராசஸரில் மைக்ரோ எஞ்சின் என்ற சிறு கோர்கள் 6, ஒவ்வொன்றிலும் 4 த்ரெட், ஆக 24. பின்னால் வந்த ஐஎக்ஸ்பி2800இல் 16 எஞ்சின், 8 த்ரெட் வீதம் 128.

இந்த ஐஎக்ஸ்பி கதையைத்தான் முதல் வழியின் ஆதரவாளர்கள் எப்போதும் எடுத்துக் காட்டுவார்கள். இன்டெல் அந்தப் போர்டுகளைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்து ஒரு தனித் திட்டமே நடத்தியது. பிரின்ஸ்டன் ஆட்கள் ஐஎக்ஸ்பி1200 போர்டையும் ஒரு பிசியையும் சேர்த்து நொடிக்கு 34.7 லட்சம் சிறு பாக்கெட்டுகளைக் கடத்தும் ரவுட்டர் செய்து 2001இல் கட்டுரை போட்டார்கள், அன்றைய வெறும் பிசி ரவுட்டர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகம். கம்பெனிக்கும் லாபம், கல்லூரிக்கும் பெயர். சரி, அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டுமில்லையா? 2007இல் இன்டெல் அந்த வரிசையை நெட்ரோனோம் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. மைக்ரோ எஞ்சினுக்காக எழுதிய கோடு வேறு எந்தச் சிப்பிலும் ஓடாது. நாலைந்து பேட்ச் மாணவர்கள் முட்டி மோதிக் கற்றுக்கொண்ட நுணுக்கங்களில், த்ரெட் போட்டு நினைவகத் தாமதத்தை மறைக்கிற அடிப்படை யோசனையைத் தவிர மீதி எல்லாம் அந்தப் போர்டோடேயே போய்விட்டது.

ஒருமுறை நடந்தால் தலைவிதி எனலாம், ஆனால் இது மறுபடியும் நடந்தது. பேர்ஃபுட் நிறுவனம் 2016இல் நொடிக்கு 6.5 டெராபிட் வேகத்தில் டோஃபினோ என்ற நிரலாக்கச் சிப்பை அறிவித்தது, ஆராய்ச்சிக்காரர்கள் மொய்த்தார்கள், 2019இல் இன்டெல் அந்த நிறுவனத்தையே வாங்கியது, 2023 தொடக்கத்தில் அடுத்த தலைமுறை டோஃபினோ வேலையை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் டோஃபினோவின் மென்பொருள் கருவிகள் ரொம்ப காலம் ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருந்தவை. கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும், கிடைத்த பிறகு எழுதியதில் எதை வெளியே காட்டலாம் என்று கேட்டுக் கேட்டு நடக்க வேண்டும். நம் கல்லூரிகளில் ஆராய்ச்சிக் குழு என்பது பெரும்பாலும் இறுதியாண்டு மாணவர்கள், ஒன்றிரண்டு எம்.இ., யாராவது பகுதிநேர பிஎச்.டி. ஆண்டுதோறும் ஆள் மாறும் இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ரகசிய ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவது என்பது நடைமுறையில் ஒரு ஆசிரியரின் கழுத்தில் மட்டும் தொங்கும் கயிறு.

ஆனால் இந்த வழியில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 2013இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் ஸ்டான்ஃபோர்டும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து ஒரு ஸ்விட்ச் சிப்பின் உள்ளமைப்பையே புதிதாக வரைந்தார்கள், பாக்கெட்டின் எந்தப் பகுதியைப் படிப்பது, எதை மாற்றுவது என்பதைச் சிப் விற்றபிறகும் மாற்றிக்கொள்ளலாம் என்று. அடுத்த ஆண்டு, பாக்கெட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று இத்தகைய சிப்புகளுக்கு நிரல் எழுதும் பி4 மொழியின் கட்டுரை வந்தது, அதிலும் கம்பெனிக்காரர்களும் பேராசிரியர்களும் கலந்தே இருந்தார்கள். டோஃபினோ வரிசை நின்றது, பி4 நிற்கவில்லை, ஏனென்றால் மொழி எல்லோருக்கும் திறந்து கிடந்தது. கூட்டாராய்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் அங்கே சிப் வரைபடத்தை இரண்டு பக்கமும் சேர்ந்து போட்டார்கள், நாமோ அவர்கள் போட்டு முடித்த சிப்பை வாங்கி வைத்துக்கொண்டு கூட்டு என்று பெயர் கொடுக்கிறோம். பொன்னாடை போர்த்தி, புரிந்துணர்வு ஒப்பந்தத்தைக் கையில் விரித்துப் பிடித்து எடுத்த படம் மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் வரும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது அந்த ஒப்பந்தம் ஒரு எண்ணிக்கை. போர்டு அலமாரியில்.

இப்போது புதிதாக டிபியூ என்று, நெட்வொர்க் வேலையைச் சர்வரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் சிப், வருகிறது, என்விடியாவின் புளூஃபீல்டு மாதிரி. வேகமானது, உள்ளே ஆர்ம் கோர்கள் இருப்பதால் லினக்ஸே ஓடும், மைக்ரோ எஞ்சின் அசெம்பிளி அளவுக்கு மண்டை காயாது. ஆனாலும் அதன் சிறப்பு வேகங்களைத் தொட அவர்களுடைய கருவித்தொகுப்புக்குள்தான் போக வேண்டும். பழைய கதைக்குப் புது அட்டை, என் பார்வையில்.

இரண்டாவது வழி எஃப்பிஜிஏ. இதற்கு அழகான முன்மாதிரி நெட்எஃப்பிஜிஏ. ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்து, பின்னால் கேம்பிரிட்ஜும் சேர்ந்து வளர்த்தது. கேபிள் செருகும் 1 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் நான்கோடு தொடங்கியது, 2014இல் வந்த சூமே போர்டில் 10 ஜிபிபிஎஸ் போர்ட் நான்கு. சிலிக்கான் தந்தது சைலிங்க்ஸ், வடிவமைப்பும் மாதிரிக் கோடும் பல்கலைக்கழகங்களிடமிருந்து. கம்பெனி நாளைக்குப் போனாலும், சர்க்யூட்டை விவரிக்கும் வெரிலாக் மொழியில் எழுதிய கோடு உங்களிடம் இருக்கும், வேறு எஃப்பிஜிஏவுக்குப் பாடுபட்டாவது மாற்றலாம். அந்த வகையில் முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல். பாக்கெட் ஒவ்வொரு சைக்கிளிலும் எங்கே நிற்கிறது என்று மாணவன் கண்ணால் பார்ப்பதும் இதில்தான்.

இதில் இரண்டு முட்டுக்கட்டை. முதலாவது துறைச் சுவர். வெரிலாக் தெரிந்த பிள்ளைகள் இசிஇயில் இருப்பார்கள், ரவுட்டிங் புரோட்டோகால் தெரிந்தவர்கள் சிஎஸ்இயில், இரண்டு துறைத் தலைவர்களும் ஒரே புராஜெக்ட்டுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவதை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள். இரண்டாவது நேரம். பெரிய வடிவமைப்பு ஒன்றை எஃப்பிஜிஏவில் ஏற்றும் வடிவத்துக்குத் தொகுக்க மணிக்கணக்கில் ஆகும். ஒரு வரி மாற்றினாலும் மறுபடி அதே. இடவப்பாதியிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது, இடி இடித்தால் மின்சாரம் போகும், யுபிஎஸ் பேட்டரி சோதா என்றால் பாதியில் நின்ற தொகுப்பு மறுநாள் காலையில் முதலிலிருந்து. பெரிய எஃப்பிஜிஏக்களுக்குக் கருவி உரிமமும் இலவசமில்லை. ஒரே செமஸ்டரில் முடிக்க நினைத்தால் இந்த வழி வேண்டாம், இரண்டு ஆண்டு நிற்கிற ஆள் இருந்தால் தாராளமாக.

மூன்றாவது வழியைப் பலர் ஆராய்ச்சியாகவே மதிப்பதில்லை. "வெறும் சர்வர்ல லினக்ஸ் போட்டு ஓட்டுறது ரிசர்ச்சா?" என்று மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் கேட்பார். ரிசர்ச்தான். எம்ஐடியின் கிளிக் என்ற மென்பொருள் ரவுட்டர் அப்படித்தான் தொடங்கியது. 2009இல் இன்டெல் ஆராய்ச்சிக் கூடமும் சுவிட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல்லும் சேர்ந்து நான்கு சாதாரண சர்வர்களை இணைத்து 35 ஜிபிபிஎஸ் ரவுட்டர் செய்து காட்டினார்கள். அப்புறம் டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு வந்தது, இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் சுற்றிக்கொண்டு போய் நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டை நேரே நிரலுக்கு இழுப்பது. 2016இல் லினக்ஸுக்குள்ளேயே, பாக்கெட் வந்ததும் கார்டு டிரைவரிலேயே நம் நிரலை ஓட்டும் எக்ஸ்டிபி வந்தது. ரெட்ஹேட் பொறியாளர்களும் சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018இல் எழுதிய கட்டுரையில் ஒரே கோரில் நொடிக்கு 2.4 கோடி பாக்கெட் காட்டியிருக்கிறார்கள். மேலே போட்ட 1.488 கோடியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த 2.4 கோடி, வந்த பாக்கெட்டை அனுப்பாமல் வெறுமனே தூக்கி எறியும் வேகம், முகவரி பார்த்து மாற்றி அனுப்பினால் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். பாக்கெட்டுகளைத் தொகுதியாக எடுப்பது, தேவைப்படும் தகவலை முன்கூட்டியே கோருக்குப் பக்கத்தில் உள்ள வேக நினைவகமான கேஷுக்கு இழுப்பது என்று நெட்வொர்க் பிராசஸர் த்ரெட்டுகளால் செய்ததையே இங்கே மென்பொருளால் செய்கிறார்கள். மாணவன் கற்பது அதே பாடம்தான்.

செலவு? பழைய சர்வர் ஒன்று, செகண்ட் ஹேண்ட் 10 ஜிபிபிஎஸ் கார்டு இரண்டு, நல்ல கேபிள். பாக்கெட்டைக் கொட்டிச் சோதிக்க சிஸ்கோவின் டிரெக்ஸ் திறந்த மென்பொருளாகவே கிடைக்கிறது.

ஆனால் இந்த வழியை நான் எடுப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. இதில் கூட்டாளி யார் என்பதே மாறிவிடுகிறது. சிப் கம்பெனியின் தயவு தேவையில்லை என்றதும், நம் பக்கத்திலேயே சிக்கலோடு உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படுவார்கள். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று கேபிள் டிவியிலிருந்து பிராட்பேண்டுக்கு மாறிய சிறு நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நேரடியாகச் செல்லுபடியாகும் பொது ஐபிவி4 முகவரிகள் கொஞ்சமே இருக்கும், சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில். ஆகவே ஒரு முகவரிக்குப் பின்னால் பலரை வைக்கும் சிஜிநாட் வேண்டும். யார் எந்த நேரத்தில் எந்தப் போர்ட்டில் (இது கேபிள் செருகும் போர்ட் இல்லை, முகவரியோடு சேர்ந்து வரும் எண்) இருந்தார் என்ற பதிவும் வேண்டும், 2021 இறுதியில் வந்த உரிமத் திருத்தப்படி அதை இரண்டு ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். "சாரே, லாக் வைக்கதுக்கே தனியா ஒரு சர்வர் வாங்கணும் போல இருக்கு" என்று ஒரு ஆபரேட்டர் சொன்னார். இது புலம்பல் மட்டுமில்லை, நல்ல ஆராய்ச்சிக் கேள்வியும்கூட.

ஒரு பொது முகவரியில் 65,536 போர்ட். முதல் 1,024ஐ விட்டால் 64,512. ஒரு சந்தாதாரருக்கு 1,008 என்று நிலையாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு முகவரிக்கு 64 பேர், எந்தப் போர்ட் யாருடையது என்பது சூத்திரத்திலேயே தெரிந்துவிடும், ஒவ்வொரு இணைப்புக்கும் லாக் எழுத வேண்டியதே இல்லை. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7422 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை விவரித்திருக்கிறது. சரி, ஒரு வீட்டில் நாலு போனும் ஒரு டிவியும் ஓடினால் 1,008 போதுமா? போதாதபோது கூடுதல் தொகுதி கொடுத்தால் லாக் எவ்வளவு கூடும்? எக்ஸ்டிபியில் எழுதினால் ஒரு கோர் எத்தனை பேரைத் தாங்கும்? இதற்கெல்லாம் விடை இங்குள்ள டிராஃபிக்கில் இருக்கிறது, கலிபோர்னியாவில் இல்லை. விடை வந்தால் பயன்படுத்தப் போகிற ஆள் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறார்.

கட்டுரை மட்டுமே வேண்டும், பெரிய மாநாட்டில் பெயர் வர வேண்டும் என்பவர்களுக்கு எஃப்பிஜிஏ அல்லது டிபியூ இன்னும் நல்ல தேர்வாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. சிப் வடிவமைப்பு ஆசை இருப்பவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. திருவனந்தபுரம் சி-டாக்கில் உருவான வேகா, சென்னை ஐஐடியின் சக்தி ஆகிய, ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளை வடிவமைப்பில் செய்த கோர்கள். இவை பொதுப் பிராசஸர்கள்தான், பாக்கெட்டுக்கென்று செய்தவை இல்லை, ஆனால் எஃப்பிஜிஏவில் பாக்கெட் பாதையைக் கட்டி அதன் பக்கத்தில் கட்டுப்பாட்டுக்கு இப்படி ஒரு கோரை வைக்கலாம். அப்போது கூட்டுக்குத் தேட வேண்டிய இடம் பெங்களூரு இல்லை, திருவனந்தபுரம், காலை ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத் தொலைவு.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்கிறதா என்று பாருங்கள்: எழுதிய கோடு திறந்த உரிமத்தில் வெளிவருமா, கட்டுரையைக் கம்பெனி எத்தனை நாள் தடுத்து வைக்கலாம், கம்பெனி விலகினால் போர்டும் கருவி உரிமமும் கல்லூரியிலேயே இருக்குமா. சிறு பிராட்பேண்ட் நிறுவனத்தோடு போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சந்தாதாரர் டிராஃபிக்கை அப்படியே பென் டிரைவில் வாங்கி வரக் கூடாது. அவர்கள் இடத்திலேயே பாக்கெட்டின் முகவரி விவரம் உள்ள முன்பகுதியான ஹெட்டரை மட்டும் பிடித்து, முகவரிகளை மாற்றி மறைத்த பிறகுதான் லேபுக்கு எடுத்துவர வேண்டும். அந்த மறைக்கும் நிரலை எழுதுவதையே ஜூலையில் வரும் பேட்ச்சுக்கு முதல் வேலையாகக் கொடுக்கலாம், இரண்டு வாரத்தில் யார் நிற்பார், யார் ஓடுவார் என்றும் தெரிந்துவிடும்.