பீகாம்ப்ளக்ஸா, பி12 மாத்திரையா, ஊசியா?

"வாய்ப்புண்ணு, ஒரு பீகாம்ப்ளக்ஸ் குடுங்க" என்றால் மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலேயே ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். கால் மரத்துப்போகிறது என்றால் அதே கடைக்காரர் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினை எடுத்து நீட்டுவார். அசதி என்று கிளினிக்குக்குப் போனாலோ, "ஒரு சத்து ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று நாமே கேட்கிறோம்.

பீகாம்ப்ளக்ஸ் எல்லா பி வைட்டமினிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்த கலவை. நோயில் சரியாகச் சாப்பிட முடியாதவர்களுக்கும், குடியால் உடம்பு கெட்டவர்களுக்கும் பயன்படும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அதில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது பி2-வின் நிறம்தான். சத்து ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. அப்புறம் ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணுக்கு, அதுவும் புகையிலை போடுகிறவர் என்றால், கேப்சூல் விழுங்கிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உண்மையான போட்டி பி12 மாத்திரைக்கும் ஊசிக்கும்தான். பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இல்லை. அதனால் சைவர்களுக்குக் குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, கேஸ் தொல்லைக்கு பான்டாப்ரசோலோ வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் குறையலாம். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 மைக்ரோகிராம். மாத்திரையிலோ 500, 1000, 1500 என்று இருக்கிறது. ஏன் இவ்வளவு? வழக்கமாக இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம்தான் பி12-ஐப் பிடித்துக் குடலுக்குள் சேர்க்கிறது. அது சரியாகச் சுரக்காவிட்டாலும், பெரிய டோஸில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே உள்ளே கசியும். 1000-க்கு 10 கிடைத்தாலே தேவைக்கு மேல்.

ஆகவே சாதாரணக் குறைபாட்டுக்குத் தினம் ஒரு மாத்திரை போதும் என்பது என் கட்சி. நடை தள்ளாடுகிறது, ஞாபகம் தடுமாறுகிறது, ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்றால் கதை வேறு. அங்கே ஊசியில் தொடங்குவதுதான் சரி, தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். பி12 வடிவங்களில் மெத்தில்கோபாலமின் உசத்தி, சயனோகோபாலமின் மட்டம் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. இரண்டையும் உடம்பு தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

எதைத் தொடங்குவதானாலும் முதலில் ரத்தப் பரிசோதனை. மாத்திரை போட்ட பிறகு பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும், பழைய குறை தெரியாது. ஃபோலிக் ஆசிட் (பி9) மட்டும் எடுப்பது இன்னும் சிக்கல்: ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், உள்ளே பி12 குறைவால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைவதால் ஆபத்தே இல்லை என்பார்கள். பி6 விஷயத்தில் அது தப்பு. சில நரம்பு மாத்திரைகளில் பி6 மட்டுமே 100 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான தினசரி உச்சவரம்பே அதுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 12 மில்லிகிராம் என்று இறக்கிவிட்டது. அளவு மீறி மாதக்கணக்கில் போனால் கை கால் மரத்துப்போகும். எந்தத் தொல்லைக்காக வாங்கினோமோ அதே தொல்லை! கூடவே முடி கொட்டுகிறதென்று பயோட்டின் (பி7) எடுப்பவர்கள், தைராய்டு டெஸ்டுக்கு முன் லேபில் அதைச் சொல்லிவிடுங்கள். முடிவு தப்பாக வந்து, இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதிவிடக்கூடும்.