டெங்கு முன்பே வந்து போனதா? அட்டையா, எலிசாவா, பிஆர்என்டியா

போன மாதம் சித்தி வாட்ஸ்ஆப்பில் ஒரு லேப் ரிப்போர்ட்டை அனுப்பி, "டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ்னு போட்டிருக்கான், ஆஸ்பத்திரியில சேரணுமாடா?" என்று கேட்டார். காய்ச்சலே இல்லை. மாஸ்டர் செக்கப் பேக்கேஜோடு சேர்த்து எடுத்த டெஸ்ட். "அது பழைய கதை சித்தி, என்னைக்கோ வந்து போயிருக்கு" என்றேன்.

டெங்குவை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்களில் ரத்தத்தில் தேடுவது இரண்டை: ஐஜிஎம், ஐஜிஜி. காய்ச்சல் தொடங்கிய நாலைந்து நாளில் தலைகாட்டும் ஐஜிஎம், இரண்டு மூன்று மாதத்தில் மங்கிவிடும். ஐஜிஜி பல வருஷம் தங்கும். எனவே பழைய தொற்றை அறிய ஐஜிஜிதான். அதைப் பார்க்கும் முறைகளில்தான் ஏற்றத்தாழ்வு.

மலிவானது அட்டை, அதாவது உடனடி முடிவு தரும் சின்ன கிட். ஒரு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டு கரைசல், கால் மணி நேரம். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு விழுந்து, ஐஜிஜிக்கான ஜி கோடும் விழுந்தால் பாசிட்டிவ். ஆனால் பல அட்டைகளில், ஐஜிஜி நிறைய இருந்தால்தான் ஜி கோடு விழும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். இரண்டாம் முறை டெங்கு வரும்போது ஐஜிஜி எகிறும். அதைப் பிடிக்கத்தான் அந்த அளவு. பத்து வருஷத்துக்கு முன் வந்துபோன டெங்குவின் மிச்சம் அதில் கோடாக விழாமல் போகலாம். காய்ச்சல்காரருக்கு அட்டை சரி. பழங்கணக்கு பார்க்க அது உதவாது.

லேபில் கருவி வைத்துச் செய்யும் எலிசா ரத்தப் பரிசோதனையிலும் இதே சிக்கல் உண்டு. 'கேப்சர்' வகை இரண்டாம் தொற்றுக்கானது, 'இன்டைரக்ட்' வகைதான் பழைய தொற்றுக்கு. 2017-18இல் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 15 மாநிலங்களில் 12,300 பேரைச் சோதித்தது இன்டைரக்ட் எலிசாவில்தான். தென்மாநிலங்களில் 76.9 சதவீதம் பேருக்கு டெங்கு வந்துபோயிருந்தது. எலிசாவின் பலவீனம், டெங்குவின் உறவுக்கார வைரஸான ஜிகாவோ ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியோ உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளையும் டெங்கு என்று எண்ணிவிடலாம்.

அந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்ப்பது பிஆர்என்டி. ரத்த நீரோடு உயிருள்ள வைரஸைக் கலந்து, செல்கள் மேல் ஊற்றி, வைரஸ் செல்களைக் கொன்று எத்தனை ஓட்டை விழுகிறது என்று எண்ணுவார்கள். ஓட்டை குறைந்தால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். நான்கு வகை டெங்குவுக்கும் தனித்தனியாக, நாள்கணக்கில். ஆராய்ச்சிக்கூட வேலை, தெருமுனை லேபில் கேட்டால் விழிப்பார்கள்.

எல்லாம் எதற்கு என்பீர்கள். பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்வாக்ஸியா என்ற டெங்கு தடுப்பூசியைப் போட்டார்கள். முன்பு டெங்கு வராத குழந்தைக்குப் பின்னாளில் டெங்கு வந்தால் தடுப்பூசியாலேயே அது கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த கம்பெனியே அறிவித்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், முதலில் ரத்தம் பார், பிறகு ஊசி போடு என்றது.

எங்கே சோதிக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பேச்சுக்கு, எந்தப் பக்கமும் நூற்றுக்குப் பத்து தவறும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நூறில் 77 பேருக்கு வந்துபோன ஊரில் பாசிட்டிவ் 71இல் இரண்டுதான் பொய். நெகட்டிவ் 29இலோ எட்டு பொய். நூறில் பத்தே பேருக்கு வந்த ஊரில் பாசிட்டிவ்களில் பாதி பொய்.

சித்தியின் அடுத்த கேள்வி: "அப்போ இனிமே வராதுல்ல?" வரும். வந்த வகை போக இன்னும் மூன்று வகை மிச்சம், இரண்டாவது முறை கடுமையாகும் ஆபத்து முதலைவிட அதிகம். அவர் ரிப்போர்ட்டில் கேப்சரா இன்டைரக்டா என்ற விவரமே இல்லை. அதை லேபில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.