ஜாக்கி போடாமலே கண்டுபிடித்துவிட்டார்

என் பழைய வண்டியில் ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாது. முதலில் போன பட்டறையில் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் 'ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) போச்சு' என்றார்கள். அடுத்துப் போன இந்த மெக்கானிக் ஜாக்கியே போடவில்லை. சக்கரம் தரையில் இருக்க, என்னை ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பிடித்துப் பார்த்தார். வலப்பக்க டை ராடு எண்டில் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) 'டொக் டொக்'. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வற்றி, உள்ளே துரு.

ஆட்டம் குறைய ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கும் ஸ்க்ரூவை இறுக்கலாமா என்று கேட்டேன். "அதிகமா முறுக்கினா, வளைவுல திருப்பின ஸ்டியரிங் தானா நேரா வராதுங்க" என்றார். எண்டை மட்டும் மாற்றி, அப்புறம் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். ஆட்டம் போச்சு. ஆனால் சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காது. அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.