ஆள் வந்தால் எரியும் விளக்கு: மூன்று மாதம் வைத்துப் பார்த்ததில்

எங்கள் வீட்டு நடைவழிச் சுவரில் மூன்று மாதமாக ஒரு விளக்கு ஒட்டியிருக்கிறது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். இருட்டில் யாராவது நடந்தால் எரியும், ஆள் போன 20 விநாடியில் அணையும். சார்ஜ் தீர்ந்தால் காந்தப் பட்டையிலிருந்து பிய்த்தெடுத்து, போன் சார்ஜரிலேயே செருகிவிடலாம். அவ்வளவுதான் பொருள்.

அட்டைப்பெட்டியில் 'புதுமையான தொழில்நுட்பம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மச்சான் சிரித்தார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். "எல்.இ.டி. பழசு, சென்சார் பழசு, பேட்டரி பழசு. மூணையும் ஒரு டப்பாவுக்குள்ள போட்டா புதுமையா மாப்பிள்ளை?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வாரண்டி போனால் போகட்டும் என்று அன்றிரவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உள்ளே ஒரு மெல்லிய போர்டு, வரிசையாக எல்.இ.டி.கள், தட்டையான லித்தியம் பேட்டரி, மிளகு அளவில் ஒரு ஒளி சென்சார், பால் வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். அந்தக் குமிழை விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃப்ரெனல் லென்ஸ், அதாவது ஒளியையும் சூட்டையும் குவிக்கிற மெல்லிய லென்ஸ். பிரான்சின் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் ஃப்ரெனல் என்ற இயற்பியலாளர் பொருத்திய லென்ஸின் பேரப்பிள்ளை. அங்கே விளக்கின் ஒளியைக் கடலுக்கு அனுப்பியது, இங்கே நம் உடம்புச் சூட்டை, குமிழுக்குள் இருக்கிற சூடு உணரும் சென்சாரின் மேல் குவிக்கிறது. வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படையான நீல எல்.இ.டி.க்கு 2014இல் நோபல் கொடுத்தாகிவிட்டது. லித்தியம் அயான் பேட்டரி 1991இலேயே விற்பனைக்கு வந்தது. மச்சான் சொன்னது சரி, ஒன்றுகூடப் புதுசில்லை.

ஆனால் இந்தச் சண்டையும் புதுசில்லை. பென்சிலின் நுனியில் ரப்பரைச் சேர்த்ததற்காக ஹைமன் லிப்மன் என்பவர் 1858இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 1875இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பென்சில் எழுதுகிற வேலையையும் ரப்பர் அழிக்கிற வேலையையும் முன்பு போலவே தனித்தனியாகச் செய்கின்றன, சேர்ந்ததால் புதிதாக எதுவும் விளையவில்லை என்பது வாதம். கறாரான தீர்ப்புதான். இருந்தாலும் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. பாகங்கள் பழசா என்பதை விடுங்கள், ஒன்று இன்னொன்றுக்கு உதவுகிறதா?

இந்த விளக்கில் அதைச் சோதிப்பது சுலபம். பக்கவாட்டில் உள்ள பொத்தானை நகர்த்தினால் சென்சார் இல்லாமல் தொடர்ந்து எரியும். ஒரு ராத்திரி அப்படி விட்டேன், 5 மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சென்சாரோடு விட்டால் மூன்று வாரம் ஓடுகிறது. பகலில் ஒளி சென்சார் விளக்கைத் தூங்க வைத்துவிடுகிறது, எத்தனை பேர் குறுக்கே போனாலும் எரியாது. சென்சார் இருப்பதால்தான் இந்தச் சின்ன பேட்டரி போதுகிறது. பேட்டரி சின்னது என்பதால் ஒயர் வேண்டாம். ஒயர் இல்லாததால் நினைத்த இடத்தில் ஒட்டலாம். இதைப் போய் மூன்றையும் டப்பாவுக்குள் போட்டது என்றால் எப்படி? என் கணக்கில் இது புதுமைதான்.

இதே தயாரிப்பாளர் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்த இன்னொரு மாடலும் விற்கிறார். அதையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். பாட்டு போட்டால் விளக்குக்கான சார்ஜ் காலி. அது பென்சிலும் ரப்பரும் கதை, அதைவிட மோசம்.

மாட்டும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெட்டியில் எழுதவில்லை. முதலில் நடைவழியின் கடைசிச் சுவரில், வருகிறவருக்கு எதிரே ஒட்டினேன். பாதி தூரம் இருட்டில் வந்த பிறகுதான் எரிந்தது. காரணம் சென்சாருக்குள் இருக்கிறது. அதில் இரண்டு உணர்பாகங்கள். நாம் குறுக்கே போனால் சூடு முதலில் ஒன்றிலும் அப்புறம் மற்றதிலும் விழும், அந்த வித்தியாசத்தைத்தான் அது கவனிக்கிறது. நேராக எதிரே வந்தால் வித்தியாசம் குறைவு. பக்கச் சுவருக்கு மாற்றினேன், அறைக் கதவைத் தாண்டும்போதே எரிகிறது. புழுக்கமான இரவுகளில் மட்டும் கொஞ்சம் மந்தம். சுற்றியுள்ள காற்றும் உடம்பளவு சூடாகிவிட்டால் அதுவும்தான் பாவம் என்ன செய்யும்.

வாங்கியதே அப்பாவுக்காக. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார், ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே போவார். பத்து நாள் கழித்து, "புது விளக்கு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "எந்த விளக்கு? நான் போறப்ப வெளிச்சமாத்தானே இருக்கு" என்றார். மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

குறை ஒன்று, பெரிய குறை. காந்தப் பட்டையின் பின்னால் இருக்கிற பசை. மூன்றாவது வாரத்தில் நடுராத்திரி விளக்கு சுவரிலிருந்து கழன்று தரையில் விழுந்தது, விழுந்த சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்ததும் பளிச்சென்று எரிந்தது. இத்தனை யோசித்துச் செய்தவர்கள் பசையில் கோட்டை விட்டார்கள். பட்டையில் இரண்டு துளை போட்டு ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டேன், அதன் பிறகு அசையவில்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து நான்கு தருகிறேன். படிக்கட்டுக்கு இன்னொன்று சொல்லியிருக்கிறேன், ஸ்க்ரூவையும் எடுத்து வைத்தாயிற்று.