கம்ப்யூட்டர் மூலையில் ‘வைரஸ்’ எச்சரிக்கை வருகிறதா? கடைக்குத் தூக்கிப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்

திண்டுக்கல்லில் என் அத்தையிடம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை 3,400 ரூபாய் கறந்திருக்கிறது. "ஃபுல்லா வைரஸ் ஏறிடுச்சும்மா" என்பது சொன்ன காரணம். அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸே கிடையாது.

அத்தை வீட்டிலேயே ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கிறார். டிசைன் படங்களை இணையத்தில் தேடி, பிரிண்ட் எடுத்து, துணியில் டிரேஸ் போடுவார். இலவச டிசைன் என்று தேடினால் வரும் தளங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பாதித் திரைக்கு விளம்பரம், மீதிக்கு டவுன்லோட் என்று எழுதிய நாலைந்து போலிப் பட்டன்கள். அதில் ஒன்று, "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் பட்டனை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது. அத்தையும் அழுத்திவிட்டார். ரோபோவா என்று சோதிப்பதற்கும் அலவ் பட்டனுக்கும் உண்மையில் சம்பந்தமே இல்லை. அந்தப் பட்டன் தருவது நோட்டிஃபிகேஷன் அனுப்பும் அனுமதி. ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தை மூடினாலும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அந்தத் தளம் சர்வீஸ் ஒர்க்கர் என்ற சின்ன நிரலை பிரௌசருக்குள் விட்டுவைத்திருக்கிறது. தேவையான தளங்களுக்கு இது நல்ல வசதிதான். குரோமில் 2015-லிருந்து இருக்கிறது.

அதன்பிறகு திரையின் வலது கீழ் மூலையில் வரிசையாக வர ஆரம்பித்தது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்", "பாதுகாப்புச் சந்தா முடிந்தது", சிவப்பு முக்கோணம், பிரபல ஆன்டிவைரஸ் மாதிரியே ஒரு சின்னம். அழுத்தினால் ஏதாவது ஒன்றை விற்கும் பக்கத்துக்குப் போகும். விற்றால் அனுப்பியவனுக்குக் கமிஷன். சிலவற்றில் போன் நம்பரே போட்டிருக்கும். அதற்கு அழைத்தால் எங்கிருந்தோ நம் கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற ரிமோட் ஆப்பை ஏற்றச் சொல்லி பேங்க் கணக்கு வரை போய்விடுவார்கள். நல்லவேளை, அத்தை அந்த எச்சரிக்கைகள் எதையும் அழுத்தவில்லை. மகனின் பழைய சிபியு அது. ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கடையில் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. சர்வீஸ் 1,500. ஆன்டிவைரஸ் 1,200. சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் 700. அந்த 700 ரூபாய் சாஃப்ட்வேர் என்னவென்று விசாரித்தால், குரோமை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார்களாம். யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற குரோம்!

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் "5 வைரஸ்கள்". குரோமை நீக்கும்போது 'பிரௌசிங் டேட்டாவையும் அழி' என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால், பழைய அனுமதிகள் அப்படியே கம்ப்யூட்டரில் தங்கிவிடும். புது குரோம் வந்ததும் பழையபடி கச்சேரி தொடங்கிவிடும். ஆன்டிவைரஸும் பொதுவாக இதைத் தடுப்பதில்லை. நாமே கொடுத்த அனுமதி, பிரௌசர் முறைப்படி காட்டும் அறிவிப்பு. அதில் பிடிப்பதற்கு வைரஸ் ஏது? கடைக்காரர் ஏற்றிய அதே ஆன்டிவைரஸின் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். பிடிபட்டது பூஜ்யம்.

கடைக்குப் போன் போட்டேன். "அண்ணே, என்ன வைரஸ் இருந்துச்சு? பேர் சொல்லுங்க."

"நிறைய இருந்துச்சு சார். ட்ரோஜன் மாதிரி."

மாதிரி! தெரிந்தே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். தெரியாது என்றால் எதற்காக 1,500 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்?

அசல் வைத்தியம் இதுதான். குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். வழி மறந்தால் செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தட்டுங்கள். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும்கூட இப்படித் தேடலாம். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அத்தையின் பட்டியலில் எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத பெயர்கள் நிறைய. முகவரியின் முன்பகுதியை மட்டும் மாற்றிய ஒரே தளம் பல தடவை. ஒரு பெயரில் மறுத்தால் இன்னொரு பெயருக்குத் தள்ளிவிட்டுத் திரும்பக் கேட்பது இவர்கள் உத்தி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் அந்தத் தளம் பிறகு மறுபடி கேட்கலாம். பட்டியலுக்கு மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப வேண்டாம் என்ற தேர்வும் உண்டு. அத்தைக்கு அதையும் சேர்த்து வைத்துவிட்டேன். ஃபயர்ஃபாக்ஸில் இதே பட்டியலின் அடியில் புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டால் போதும். ஆண்ட்ராய்டு போனில் குரோம் வைத்திருப்பவர்களும் அங்கே சைட் செட்டிங்ஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹிஸ்டரியையும் குக்கியையும் மட்டும் அழித்தால் கொடுத்த அனுமதி போகாது. அதையும் சில கடைகளில் 'கிளீனிங்' என்று பில் போடுகிறார்கள்.

வந்திருப்பது நிஜ எச்சரிக்கையா என்று அடையாளம் காண, பெட்டிக்குள் பொடி எழுத்தைப் பாருங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் பக்கத்தில் ஒரு தள முகவரியும் இருந்தால் அது ஏதோ ஒரு தளம் அனுப்பியது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அது எதையாவது பிடித்தால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தாலே தெரியும். போன் நம்பர் கொடுத்து அழைக்கச் சொல்லாது. அப்படி யாராவது ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "என்ன வைரஸ், எந்த ஃபைலில், ஸ்கிரீனில் காட்டுங்க" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். முறையான பில் வாங்குங்கள், துண்டுச்சீட்டு வேண்டாம்.

அத்தை நேரில் போய்ச் சத்தம் போட்டதில் அந்த 700 ரூபாயை மட்டும் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் கவரைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மீதித் தொகைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். அதற்காக ஜிஎஸ்டி பில் கேட்டபோது "முதலாளி ஊர்ல இல்லை" என்று பதில் வந்தது.