ஞாயிறு காலை 8 மணியா, திங்கள் விடியும் வரையா? எந்தக் கோடிங் போட்டியில் சேரலாம்

என் சித்தி மகன் வண்டலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "அக்கா, லீட்கோட், கோட்ஃபோர்சஸ், கோட்செஃப், அட்வென்ட் ஆஃப் கோட்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதுல சேர்றது?" என்று கேட்டான். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். எட்டு வருடமாக இவற்றில் ஏதாவது ஒன்றில் நான் இருந்துகொண்டே இருக்கிறேன், சிலதை விட்டிருக்கிறேன், சிலதுக்குத் திரும்பியிருக்கிறேன். அன்று அவனுக்கு அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இது.

முதலில் லீட்கோட். ஞாயிறு காலை 8 மணிக்குத் தொடங்கும், 90 நிமிடம், 4 கேள்வி, தப்பாக ஒரு முறை அனுப்பினால் 5 நிமிடம் கூடிவிடும். ஒன்றுவிட்ட சனிக்கிழமை இரவு 8 மணிக்கு இன்னொரு போட்டி உண்டு. கம்பெனிகள் வைக்கிற ஆன்லைன் டெஸ்டில் வருவதும் இதே மாதிரிக் கேள்விகள்தான், எனவே இந்த வருடம் பிளேஸ்மென்ட் இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதைச் செய்யுங்கள். நான் வேலை மாற நினைத்த சமயத்தில் ஒன்றரை வருடம் விடாமல் எழுதினேன். கை வேகமானது, ரேட்டிங் ஏறியது, வேலையும் கிடைத்தது. ஆனால் வேலை கிடைத்த மறுவாரமே நிறுத்திவிட்டேன், இன்று அந்த ஒன்றரை வருடத்தில் போட்ட கேள்விகளில் ஒன்றைச் சொல் என்றால் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கோட்ஃபோர்சஸ் ரஷ்யாவின் சராத்தோவ் நகரத்தில் மைக் மிர்சயானோவ் தொடங்கியது. ரவுண்டு பெரும்பாலும் நம் நேரம் இரவு 8:05க்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். சிறுசேரியிலிருந்து ஓஎம்ஆர் நெரிசலில் வீடு வந்து சேருகிறவருக்கு அந்த நேரத்தில் எண்கணிதத் தேற்றம் ஓடுமா என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது, எனக்கு ஓடவில்லை. ஆனாலும் அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு, ஹேக் என்பார்கள். அடுத்தவர் அனுப்பிய நிரலைப் படித்து, அது எந்த உள்ளீட்டில் உடையும் என்று கண்டுபிடித்துக் காட்டினால் போதும். நான் அங்கே கற்றது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். அங்கே டிவிஷன் எண் பெரிதாக இருந்தால் போட்டி எளிது, புதியவர்கள் டிவிஷன் 4, டிவிஷன் 3 என்று போங்கள், நேராக 2-இல் இறங்கி மனம் உடைந்து போகாதீர்கள்.

கடிகாரத்தோடு ஒரு போட்டிதான் வேண்டும் என்றால் நான் ஜப்பான்காரர்களின் அட்கோடர் பிகினர் கான்டெஸ்டைச் சொல்வேன். பெரும்பாலும் சனிக்கிழமை மாலை 5:30, 100 நிமிடம், ஏ முதல் ஜி வரை 7 கேள்விகள். கேள்வியில் வளவளப்பு இல்லை. முதல் இரண்டை யாரும் போடலாம், அதற்கப்புறம் ஒவ்வொன்றும் ஒரு படி ஏறும், எந்தப் படியில் நமக்கு மூச்சு வாங்குகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். நம் நாட்டு கோட்செஃப் 2009-லிருந்து இருக்கிறது, புதன் இரவு 8 மணிக்கு ஸ்டார்ட்டர்ஸ் என்ற போட்டி, ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து எழுத அது வசதி.

இனி கடிகாரம் அவ்வளவாகத் துரத்தாத இரண்டு. நான் நிறையப் பேச ஆசைப்படுவது இவற்றைப் பற்றித்தான்.

அட்வென்ட் ஆஃப் கோட் ஒவ்வொரு டிசம்பரும் வரும். எரிக் வாஸ்டல் என்பவர் 2015-இல் தொடங்கினார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு அடிக்கும்போது, அதாவது நமக்குக் காலை 10:30க்கு, அன்றைய கேள்வி திறக்கும். முதன்முதல் கேள்வி திறந்த 2015 டிசம்பர் 1-தான் சென்னையில் வானம் பொத்துக்கொண்டு அடையாறு கரை மீறிய நாள், அன்று இங்கே யார் அதைக் கவனித்திருப்பார்கள். நான் சேர்ந்தது இரண்டு வருடம் கழித்து. இதில் நிரலை அனுப்ப வேண்டாம், விடையை மட்டும் கொடுத்தால் போதும், எந்த மொழியிலும் போடலாம். முதல் பகுதியை முடித்தால்தான் இரண்டாம் பகுதி கண்ணில் படும், அது முதல் பகுதிக்கு எழுதியதை நொறுக்கிவிடும்.

2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது ஐந்தாம் நாள் கேள்வி. வேளச்சேரியில் எங்கள் தெருவில் முந்தைய நாளிலிருந்தே கரண்ட் இல்லை, சிக்னலுக்கு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். கோயம்புத்தூருக்குப் போயிருந்த தோழி ஒருத்தி, இரண்டாம் பகுதியையும் மாதிரி உள்ளீட்டையும் வாட்ஸப்பில் அனுப்பினாள். விதை எண்களை ஏழு அட்டவணைகள் வழியாக மாற்றிக்கொண்டே போய்க் கடைசியில் கிடைக்கும் சிறிய எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் பகுதியில் ஒற்றை எண்ணாக இருந்தவை இரண்டாம் பகுதியில் நீண்ட வரிசைகளாகிவிடும், உண்மையான உள்ளீட்டில் ஒவ்வொன்றாக ஓட்டினால் நூற்றுக்கணக்கான கோடி எண்கள். கம்ப்யூட்டர் இருந்திருந்தால் அப்படி ஓட்டிவிட்டுக் காபி போடப் போயிருப்பேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் மகளின் கணக்கு நோட்டில் போட்டதால், 55 முதல் 67 வரை என்பதை ஒரே துண்டாக நகர்த்த வேண்டியிருந்தது. முதல் அட்டவணையில் அது 57 முதல் 69 வரை ஆனது, இரண்டாவதில் அப்படியே நின்றது, மூன்றாவதில் 60-இல் வெட்டுப்பட்டு இரண்டானது. அந்த வெட்டைப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தபோது வழி முழுக்கத் தெரிந்துவிட்டது. கரண்ட் வந்தபின் தட்டச்சு செய்ததில் முதல் தடவையே விடை சரி.

இதற்கும் குறை உண்டு. கடைசி நாட்களின் கேள்விகள் மூன்று மணி நேரம் விழுங்கும், 10:30 என்பது பாதிப் பேருக்கு அலுவலகத்தில் தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்ட நேரம். யார் முதலில் முடித்தார் என்று காட்டும் உலக அளவிலான லீடர்போர்டில் முதல் 100 இடத்துக்குப் பெரிய அடிபிடி இருந்தது, ஏஐ வந்தபின் அதற்கு அர்த்தமே குறைந்துபோனது. 2025-இல் வாஸ்டல் அதை எடுத்துவிட்டார், 25 நாளை 12 நாளாகவும் குறைத்தார். எனக்கு நிம்மதி, மார்கழி பிறப்பதற்குள் முடிந்துவிடுகிறது, அப்புறம் சாயங்காலம் கச்சேரிக்குப் போகலாம். ஆனால் விடையை மட்டும் வாங்கிக்கொள்வதால், உங்கள் நிரல் எவ்வளவு மோசமானாலும் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, இங்கே பலரும் கேள்விப்படாத தி வீக்லி சேலஞ்ச். முகமது சாஜித் அன்வர் 2019 மார்ச்சில் பெர்ல் வீக்லி சேலஞ்ச் என்று தொடங்கினார், 2024 டிசம்பரில் 300 வாரத்தை எட்டியது. திங்கட்கிழமை இரண்டு கேள்வி வரும், ஞாயிறு நள்ளிரவு வரை அவகாசம், அது பிரிட்டன் நேரம் என்பதால் நமக்குத் திங்கள் விடிகாலை வரை நீளும். பெர்ல், ராக்கு என்ற இரண்டு நிரல் மொழிகள்தான் முதன்மை, ஆனால் பைத்தானோ வேறு மொழியோ எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். விடையை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டாக, அதாவது 'என் நிரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கையாக, அனுப்ப வேண்டும், எல்லார் நிரலும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ரேட்டிங் கிடையாது.

ஒரு வாரம் பாலிண்ட்ரோம் பற்றிய சின்னக் கேள்வி, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் சொல்லா என்று பார்க்க வேண்டும். பைத்தானில் ஒரு வரியில் முடித்துவிட்டு, நேரம் இருந்ததால் 'விகடகவி'யைக் கொடுத்துப் பார்த்தேன். இல்லை என்றது! நமக்கு அது ஐந்து எழுத்து, பைத்தானுக்கு ஏழு, ஏனென்றால் 'வி' என்பது கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் வகரமும் இகரக் குறியும் என இரண்டாக இருக்கிறது, திருப்பிப் போட்டால் கொக்கி வகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அதே வாரம் வேறொருவர் அனுப்பிய ராக்கு நிரலைப் படித்தேன், திருப்பிப் போடும் ஃபிளிப் என்ற ஒரே கட்டளை, அவ்வளவுதான். ராக்கு குறியையும் எழுத்தையும் சேர்த்து ஒன்றாகவே எண்ணுகிறது, விகடகவி அங்கே விகடகவியாகவே திரும்பி வந்தது. பெர்லில் அந்த வேலையை, எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் செய்கின்றன. பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தமிழ்ப் பெயர்களைத் திரையில் காட்டும் மென்பொருளில் வேலை பார்த்திருக்கிறேன், இதை நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. லீட்கோட் கேள்விகளின் அடியில் 'உள்ளீட்டில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் மட்டுமே இருக்கும்' என்று ஒரு வரி அடிக்கடி வரும். 90 நிமிடக் கடிகாரம் ஓடும்போது அந்த வரி பெரிய நிம்மதி, ஆனால் அந்த வரியோடு விகடகவியும் வெளியே போய்விடுகிறது.

அதனால் வேலையில் இருக்கிற யார் கேட்டாலும் நான் வீக்லி சேலஞ்சைத்தான் சொல்கிறேன். புல் ரிக்வெஸ்ட் அனுப்பத் தெரியாதவர் முதல் வாரம் திணறுவார், ஒரே ஒரு முறைதான். கேள்விகள் எளிது என்று சிலர் குறை சொல்கிறார்கள். எளிதாக இருப்பதால்தான் மிச்ச நேரத்தில் அடுத்தவர் நிரலைப் படிக்க முடிகிறது, இதை அவர்கள் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை காலையில் திருவான்மியூர் கடற்கரையில் நடந்துவிட்டு, டீக்கடையில் ஒருவர் நிரலை ஒருவர் போனில் படிக்கிறோம், டிசம்பரில் மட்டும் அட்வென்ட் ஆஃப் கோடுக்கு மாறிக்கொள்கிறோம்.

தம்பிக்கு இப்போது சொல்லியிருப்பது இது: ஆகஸ்டில் கம்பெனிகள் வருகிற வரைக்கும் ஞாயிறு 7:45க்கு அலாரம், லீட்கோட். சனிக்கிழமை மாலை முடிந்தால் அட்கோடர். ஆஃபர் கையில் வந்த வாரமே டீக்கடைக்கு வந்துவிட வேண்டும், முதல் வேலையாக நான் அப்புறம் திருத்திய பாலிண்ட்ரோம் நிரலில் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். 'ஸ்ரீ'யை அது இன்னும் இரண்டு எழுத்தாகத்தான் எண்ணுகிறது.