ராமநாதபுரத்தில் செவிலியர் நடத்தும் இதயத்துடிப்பு கிளினிக்: ஒரு மதிப்பீடு

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் நடைபெறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கிளினிக்கை முன்நின்று நடத்துபவர் மருத்துவர் அல்லர். இதயப் பிரிவில் நெடுநாள் பழகிய செவிலியர் ஒருவர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதால் உள்ளே இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடிய இந்நோய்க்காக, கீழக்கரையில் வசிக்கும் 72 வயதான என் உம்மாவை அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். முன்பு இதற்காக மதுரைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போய்வந்த அலைச்சல் இப்போது இல்லை என்பது உண்மைதான். ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது அதற்காக அன்று.

முதல் வருகையிலேயே சிஸ்டர், விரல்நுனியில் மாட்டும் கருவியை ஒதுக்கிவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதும் நாடி பார்த்தார். பிறகு மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்லி, மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் 2.5 மில்லிகிராம் அட்டையில் நிறுத்திக்கொண்டார். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தினால்தான் அந்தக் குறைந்த அளவு என்பது நெறிமுறை. உம்மாவுக்குப் பொருந்தியது 58 கிலோ எடை ஒன்றுதான். இரத்தக் கசிவுக்குப் பயந்து அளவைக் குறைத்து எழுதுவது பரவலாக நடப்பதுதான் என்றும், அதனால் பக்கவாதத்துக்கு எதிரான காப்பு போதாமல் போகலாம் என்றும் விளக்கினார். அவராக எதையும் மாற்றவில்லை. குறிப்பெழுதி உள்ளே அனுப்பினார், இதய மருத்துவர் சரிபார்த்து 5 மில்லிகிராம், இரண்டு வேளை என்று கையெழுத்திட்டார்.

மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுவந்த டைக்ளோஃபெனாக்கையும் அன்றே நிறுத்தச் சொன்னார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். ரமலானுக்கு முந்தைய வருகையில், "நோன்பு வைப்பீங்களாம்மா?" என்று சிஸ்டரே கேட்டார். நம் பகுதியில் நோன்பு நேரம் ஏறக்குறைய 13 மணி நேரம்தான் என்பதால், சஹரில் ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று என 12 மணி நேர மாத்திரையை அதிகம் பிசகாமல் அமைத்துக் கொடுத்து, சர்க்கரை மாத்திரையின் அளவுக்கு மட்டும் மருத்துவரிடம் அனுப்பினார். இதை மதுரையில் எவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 712 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், இதய நோயால் இறந்தவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் செவிலியர் கவனிப்பில் 14.3 சதவீதமாகவும் வழக்கமான கவனிப்பில் 20.8 சதவீதமாகவும் இருந்தனர். பின்னர் 1,375 பேரிடம் பல மையங்களில் நடந்த ஆய்வில் மொத்தத்தில் அத்தகைய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. அனுபவமுள்ள மையங்களில் மட்டும் பலன் தெரிந்தது. இங்கே என் குறையும் அதுதான். எல்லாம் அந்த ஒரு சிஸ்டரின் கையில் இருக்கிறது. அவர் விடுப்பில் இருந்தபோது வந்தவர் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினார். மருந்துப் பையைத் திறக்கவே இல்லை. மாலைக்குப் பின் தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. மூக்கில் இரத்தம் வந்தால் யாரைக் கேட்பது?

செலவையும் சொல்ல வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அபிக்சபானைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். மருத்துவமனையின் மருந்தகத்தில் விலை கூடிய பிராண்டையே நீட்டுகிறார்கள். ஜெனரிக் வேண்டுமென்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

போகிறவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும், அண்மைய கிரியாட்டினின் முடிவையும், எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். இதயத்தின் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு அபிக்சபான் அல்ல, வார்ஃபரின் என்ற பழைய உறைவுத்தடுப்பு மருந்துதான் என்பதால் எக்கோவைப் பார்க்காமல் சிஸ்டர் மேலே போவதில்லை. கையில் இல்லையென்றால் அங்கேயே எடுக்கச் சொல்வார்கள், அதற்குக் கட்டணம் தனி.